மல்சுன் கேட்காத கேள்வி

அத்தியாயம் 9

"எள்ளைக் கழுவி வடிய வைத்துவிட்டேன், அம்மா," என்றாள் மேரிம்.

"மன்னா?" என்றாள் மல்சுன், தலையைத் தூக்காமல்.

மேரிம் எண்ணெய் மில்லின் பின்பக்கம் போனாள். எள் இருந்த பெரிய பிளாஸ்டிக் கூடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மாமியாரின் முன்னால் வைத்தாள். வழியெல்லாம் தண்ணீர் சொட்டித் தரை நனைந்திருந்தது.

மல்சுன் கூடையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

"இத ஏன் பிள்ளே இங்க தூக்கிட்டு வந்த?"

"நீங்கள் பார்ப்பதற்கு."

"கழுவுன எள்ளுல பாக்க என்ன இருக்கு?"

மேரிம் கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். அந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நாள் தவறாமல் இதேதான் நடந்துகொண்டிருந்தது. இவள் ஒன்று சொல்வாள். அவள் "மன்னா?" என்பாள். இவள் ஓடிப்போய் எதையாவது தூக்கி வருவாள். அவள் விழிப்பாள்.

'மன்னா' என்றால் தமிழ்க் காதுக்கு யாரோ அரசனைக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும். கொரியாவில், மில் இருக்கும் மிர்யாங் ஊர்ச் சந்தையில் அரசன் யாரும் இல்லை. மேரிமின் காதுக்கு அது வேறு மாதிரி விழுந்தது. அவள் தன் நாட்டில், பிஷ்கெக் நகரத்தில் நாலு வருஷம் கல்லூரியில் உட்கார்ந்து கொரிய மொழி படித்தவள். அவள் படித்த பாடத்தில் 'மன்னா' என்றால் 'சந்திப்பது'. பஸ் வந்துவிட்டது என்று சொன்னால் மாமியார் 'சந்திப்பதா?' என்கிறாள். சோறு வெந்துவிட்டது என்றால் 'சந்திப்பதா?' என்கிறாள். யாரை, எங்கே, எதற்காகச் சந்திப்பது?

வந்த முதல் வாரம் முழுவதும் அவள் இந்தக் குழப்பத்திலேயே இருந்தாள். இரண்டாவது வாரம் ஒரு பாதி விடை கிடைத்தது.

கொரிய மொழியில் 'சரி, உண்மை' என்று பொருள் தரும் ஒரு வேர் இருக்கிறது. எழுதும்போது அது 'மஜ்' என்று நிற்கும். பின்னால் 'நா' வந்து ஒட்டினால் அந்த 'ஜ்' தன் முகத்தை மாற்றிக்கொண்டு 'ன்' ஆகிவிடும். நாம் 'கல்' என்பதையும் 'நெஞ்சம்' என்பதையும் சேர்த்துக் 'கன்னெஞ்சம்' என்று சொல்வதில்லையா, அதே வேலைதான். எழுத்தில் வேறு, வாயில் 'மன்னா'. ஆக, மாமியார் கேட்டது சந்திப்பைப் பற்றி அல்ல. 'சரிதானா? உண்மையா?' என்று கேட்டிருக்கிறாள்.

ஆனால் பாதி விடை முழுக் குழப்பத்தைவிட மோசமாக இருந்தது. எள்ளைக் கழுவிவிட்டேன் என்றால், உண்மையா? கதவைப் பூட்டிவிட்டேன் என்றால், உண்மையா? தலை வலிக்கிறது என்றால்கூட, உண்மையா?

இந்த வீட்டில் தன் வாயிலிருந்து வரும் எதையும் யாரும் நம்புவதில்லை என்ற முடிவுக்கு மேரிம் வந்திருந்தாள். அதனால்தான் கூடையைத் தூக்கினாள். அதனால்தான் வறுக்கும் டிரம்மின் சூட்டைக் காட்டும் முள்ளைப் போனில் படம் எடுத்து வைத்தாள். காய்கறிக் கடைக்குப் போனால் கடைக்காரம்மாவையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

மல்சுனின் முழங்காலுக்குப் போன வாரம் நாள் குறித்தார்கள் என்பது நினைவிருக்கும். வருகிற செவ்வாய்க்கிழமை பூசான் நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ஆபரேஷன் வேண்டும் என்று முன்பே முடிவானதால்தான் மேரிமும் அவள் கணவன் கியூசொப்பும் தலைநகரத்துக்குப் பக்கத்து இஞ்சோனில் இருந்த வாடகை அறையைக் காலி செய்துவிட்டுப் போன மாதமே மிர்யாங்குக்கு வந்தார்கள். ஆபரேஷன் முடிந்தால் மல்சுன் இரண்டு மாதம் மில்லில் நிற்க முடியாது. அதுவோ புது எள் வரும் பருவம். கூடவே கிம்ச்சி ஊறுகாய்க்கு மிளகாய் அரைக்கிற கூட்டம் வேறு. மில் யார் கையில்?

"ராத்திரி சாப்பாட்டுல சொல்லுதேன்," என்று மல்சுன் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

மேரிமுக்கு அந்த மில் வேண்டும். இஞ்சோன் கிடங்கில் இரண்டு வருஷம் பெட்டி ஒட்டினாள். எந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. இங்கே எள் வருகிறது, அவள் கண் முன்னால் வறுபடுகிறது, பிழிபடுகிறது, எண்ணெயாகப் பாட்டிலில் இறங்குகிறது. புகையின் வாசனையை வைத்தே டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்று அவளால் இப்போது சொல்ல முடியும். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலை அவளுக்கு முழுசாகப் புரிந்திருந்தது.

நம்பாத மாமியார் மில்லைக் கொடுப்பாளா?

மதியம் கியூசொப் வீட்டுக்கு வந்திருந்தான். மிளகாய் அரைக்கும் மெஷினின் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று குனிந்து இறுக்கிக்கொண்டிருந்தான். மேரிம் பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றாள்.

"ஏங்க, அம்மா என்னை நம்பவில்லை," என்றாள்.

"மன்னா?" என்றான் கியூசொப்.

மேரிம் ஸ்பேனரை அவன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

"நீங்களுமா?"

"நானுமான்னா? என்ன?"

"'மன்னா' என்றால் என்ன பொருள்?"

"சரியான்னு அர்த்தம். நாலு வருஷம் படிச்சவளுக்கு இதுகூடத் தெரியலையா?"

"ஒருவர் சொல்வதைச் 'சரியா' என்று கேட்டால், அவர்மேல் சந்தேகம் என்றுதானே பொருள்?"

"ஆமா. சந்தேகம் இருந்தாத்தானே கேப்பாங்க."

"அப்படியென்றால் உங்களுக்கும் என்மேல் சந்தேகம்."

"நான் எப்ப கேட்டேன்?"

"இப்போதுதான் கேட்டீர்கள்."

"மன்னா?"

மேரிம் திரும்பி நடந்தாள்.

இஞ்சோனில் இருந்தவரை கியூசொப் இந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அங்கே அவன் ஊர்ப்பேச்சை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருந்தான். தலைநகரத்துக்காரர்கள் பேசுவதுபோலவே பேசுவான். மிர்யாங் பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததும் அந்த மடிப்பு தானாகப் பிரிந்துவிட்டது. அது அவனுக்கே தெரியாது. மூக்கு வாசனையைத்தான் பிடிக்கும், தன்னையே முகர்ந்து பார்க்காது. ஊர்ப்பேச்சும் அப்படித்தான், பேசுகிறவன் காதில் விழாது.

"இந்தா, நில்லு," என்று பின்னால் இருந்து அவன் கூப்பிட்டான். "பான்கு மாமாகிட்டப் பேசியிருக்கேன்."

பான்கு என்பவன் மல்சுனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரு காலத்தில் இந்த மில்லில் வேலை பார்த்தவன்.

"எதற்கு?"

"மில்லுக்குத்தான். அம்மா இல்லாதப்ப அவரு வந்து பாத்துக்கட்டும்னு."

"அம்மா சொன்னார்களா?"

"அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ இங்க வந்ததுல இருந்து மூஞ்சத் தூக்கி வச்சிருக்கியே, உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நானாத்தான் பேசினேன்."

எதைச் சொன்னாலும் அவன் "மன்னா?" என்று கேட்பான். மேரிம் வறுக்கிற டிரம்மின் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அவள் மனசு சும்மா இருக்கிற மனசு அல்ல. இந்த ஊர்ப் பேச்சில் கேள்வி எப்படிப் பிறக்கிறது என்று அவள் கவனித்து வைத்திருந்தாள். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியானால் 'நா' என்று முடியும். என்ன, எங்கே, யார் என்ற சொல் கேள்விக்குள் இருந்தால் 'நோ' என்று முடியும். 'பாப் முன்னா' என்றால் சாப்பிட்டியா. 'மோ முன்னோ' என்றால் என்ன சாப்பிட்ட. தலைநகரத்துக் கொரிய மொழியில் இந்தப் பிரிவினை கிடையாது. இந்தப் பக்கத்து ஜனங்கள், எழுத்து தெரியாதவர்கள்கூட, இதில் ஒரு தடவையும் தவறுவதில்லை. நாம் 'வந்தியா' என்போம். 'எங்க வந்தியா' என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. அது மாதிரி.

இதைக் கண்டுபிடித்த அன்று மேரிமுக்கு அத்தனை சந்தோஷம். இன்று அதே விதி அவளைக் கட்டிப்போட்டது. 'மன்னா' முடிவது 'நா'வில். 'நா' என்றால் ஆம், இல்லை கேள்வி. எனவே அது கேள்வியேதான். விதி இம்மியும் இடம் கொடுக்கவில்லை.

மூன்று மணி வாக்கில் ஒக்புன் வந்தாள். கீழத்தெருக்காரி, மல்சுனுக்கு ரொம்ப நாள் சிநேகிதி. தோட்டத்தில் விளைந்த எள்ளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். மூட்டையை இறக்கியதும் அதன் பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எண்ணெய் மில்லுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் உட்காருவார்கள். தன் எள் தன் எண்ணெயாகத் திரும்பி வரும்வரை கண் அதை விட்டு நகராது. அதற்காக மில்காரி மேல் சந்தேகம் என்று யாரும் நினைப்பதில்லை.

மல்சுன் ரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போயிருந்தாள். கியூசொப் வேலைக்குத் திரும்பிவிட்டான். மேரிம் மட்டும்தான் இருந்தாள்.

அவள் எள்ளைக் கழுவி வடித்து டிரம்மில் கொட்டினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். முதலில் ஈரம் ஆவியாகப் போனது. பிறகு பச்சை வாசனை. பிறகு மெல்ல, கடலை வறுக்கிற மாதிரி ஒரு வாசனை.

"இன்னும் கொஞ்சம் செவக்கட்டும், புதுப்பொண்ணு," என்றாள் ஒக்புன். "மல்சுன் அக்கா இதவிட நல்லா வறுப்பா."

மேரிம் ஒரு சிட்டிகை எள்ளை எடுத்து விரலால் நசுக்கினாள். பட்டென்று உடைந்து மாவானது. உள்ளே வெளிறிய தேன் நிறம். அவள் அடுப்பை அணைத்து எள்ளை வெளியே தள்ளினாள்.

"என்ன அதுக்குள்ள எடுத்துட்ட?"

"எள் தன் சூட்டிலேயே இன்னும் கொஞ்ச நேரம் வறுபடும். நிறம் சரியாக இருக்கும்போது எடுத்தால், ஆறும்போது கருகிவிடும். கருகினால் கசக்கும். எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக வருவதுபோலத் தெரியும், ஆனால் சோற்றில் ஊற்றினால் நாக்குக்குத் தெரிந்துவிடும்."

ஒக்புன் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "டிவில செய்தி வாசிக்கிற பொண்ணு மாதிரியே பேசுத நீ," என்றாள்.

விசிறிக் காற்றில் எள் ஆறியது. ஒக்புன் முக்காலியோடு விசிறிப் பக்கம் நகர்ந்தாள். எள் பிழியும் உருளைக்குள் போனதும், முக்காலியோடு அங்கேயும் நகர்ந்தாள். எண்ணெய் நூலாக இறங்கியது. மேரிம் பச்சைப் பாட்டில்களில் நிரப்பி மூடினாள். பிழிந்த புண்ணாக்கை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். ஒக்புன் விரல் நுனியில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அந்த நேரம் மல்சுன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அம்மா, ஒக்புன் அவர்களின் எள்ளை நானே வறுத்துப் பிழிந்துவிட்டேன். கசப்பு இல்லை," என்றாள் மேரிம்.

"மன்னா?"

மேரிமின் காது சூடானது. காலையிலிருந்து எத்தனை தடவை. கியூசொப் வேறு. அவள் ஒக்புனின் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்கள். நான் சொல்வது உண்மைதானே?"

ஒக்புன் பாட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்த காகிதத்தோடு அப்படியே நின்றாள்.

"உண்மதான். யாரு இல்லன்னா?"

"அம்மா கேட்கிறார்கள். ஒரு சொட்டு அவர்களுக்கும் கொடுங்கள், நக்கிப் பார்க்கட்டும்."

மல்சுனின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏ பிள்ளே," என்றாள் மெதுவாக. "நான் என்ன போலீஸ் ஸ்டேஷனா வச்சிருக்கேன்? எதுக்கெடுத்தாலும் சாட்சியக் கூட்டிட்டு வந்து நிக்க."

கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஒக்புன் கைவண்டியில் பாட்டில்களை அடுக்கினாள். போகும்போது, "அவளுக்கு ஆபரேஷன் பயம், அதான்," என்று மேரிமுக்குச் சமாதானம் சொன்னாள். அது சமாதானமாகப் படவில்லை. 'உண்மையா' என்று கேட்டதும் மாமியார்தான், சாட்சி சொன்னால் கோபிப்பதும் அவள்தான். இந்தக் கணக்கு மேரிமுக்கு எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் வரவில்லை.

ராத்திரி சாப்பாடு அமைதியாக நடந்தது. சோயா விழுதுக் குழம்பு, ஊறவைத்த பெரில்லா இலை, சூடான சோறு. மில்லைப் பற்றி மல்சுன் வாயே திறக்கவில்லை. கியூசொப் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குழம்புக்குள் குனிந்துகொண்டான்.

சாப்பிட்டு முடித்ததும் மல்சுன் காலை நீட்டி டிவி முன்னால் உட்கார்ந்தாள். மடியில் ஒரு தட்டு நிறைய பூண்டு. உரிக்க ஆரம்பித்தாள். மேரிம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டிவியில் வானிலை சொல்லும் பெண் வந்தாள். தென் மாவட்டங்களில் நாளை மதியத்திலிருந்து மழை பெய்யும் என்றாள்.

"மன்னா," என்றாள் மல்சுன்.

மேரிமின் கையில் இருந்த துணி நின்றது.

டிவிப் பெண் மல்சுனுக்குப் பதில் சொல்லவில்லை. தலைநகரத்தில் வெயில் அடிக்கும் என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். மல்சுனும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த பூண்டுப் பல்லை எடுத்தாள்.

டிவியிடம் யாரும் சாட்சி கேட்க மாட்டார்கள்.

மேரிம் துணியைப் பிடித்தபடியே உட்கார்ந்தாள். போன் அடித்தது. ஒக்புன்தான். மல்சுன் போனைத் தட்டில் பூண்டோடு பூண்டாகச் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, உரித்துக்கொண்டே பேசினாள். ஒக்புனின் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் பல் விழுந்துவிட்டதாம்.

"மன்னா."

விழுந்த பல்லை அவள் சோற்றோடு விழுங்கிவிட்டாளாம்.

"மன்னா."

டாக்டர் ஒன்றும் ஆகாது என்று அனுப்பிவிட்டாராம்.

"மன்னா."

ஒவ்வொரு 'மன்னா'வுக்கும் ஒக்புனின் குரலில் வேகம் கூடியது. அவள் பல்லைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லவில்லை. டாக்டரைக் கூப்பிடவில்லை. கோபப்படவில்லை. மேலே மேலே சொன்னாள். ஊஞ்சலில் இருக்கிற பிள்ளையை ஒரு கை பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி, மல்சுனின் ஒவ்வொரு 'மன்னா'வும் கதையை அடுத்த வீச்சுக்குத் தள்ளிவிட்டது.

கேள்வியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாலும் அது கேள்வி இல்லை. நாம் கதை கேட்கும்போது 'ம்' கொட்டுகிறோமே, அதுதான். நாலு வருஷப் படிப்பில் 'ம்' கொட்டுவது எப்படி என்று யாரும் பாடம் வைக்கவில்லை. எந்த ஊர்ப் பாடப் புத்தகத்திலும் கேள்வி இருக்கும், பதில் இருக்கும். நடுவில் ஒருவர் உட்கார்ந்து ம் கொட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

ஆனால் இதெல்லாம் ஊகம். மேரிம் ஊகத்தோடு நிற்கிறவள் அல்ல. போன் பேச்சு முடியும்வரை காத்திருந்தாள். பிறகு மாமியாரின் எதிரே போய் உட்கார்ந்து, தானும் ஒரு பூண்டை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, சந்தையில் இருக்கும் தையற்காரர் கடையைக் காலி செய்கிறார்."

"மன்னா."

மேரிமின் கால் எழுந்திருக்கப் பார்த்தது. போனில் அந்தக் கடையின் படம் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. படத்தைக் காட்டவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம்."

"மன்னா. எந்த மக? தேகு ஊருல இருக்காளே, அவளா?"

"பெயர் தெரியவில்லை. பள்ளிக்கூட டீச்சர் என்று சொன்னார்."

"அவதான். அய்ய, அந்த மனுசன் அவ வீட்லயா இருக்கப் போறாரு? காலைல எழுந்ததும் ரேடியோவப் பெருசா வைப்பாரு. அவளுக்கு அரிசிமணி விழுற சத்தம்கூட ஆகாது." மல்சுன் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தத் தையற்காரர் தைத்த பேன்ட் ஒன்றைப் பற்றிச் சொன்னாள். ஒரு கால் நீளமும் ஒரு கால் குட்டையுமாக இருந்ததாம். அதைப் போட்டுக்கொண்டுதான் கியூசொப்பின் அப்பா முதன்முதலில் பெண் பார்க்க வந்தாராம்.

இப்போது மேரிமின் முறை.

"மன்னா," என்றாள், இழுத்து, அடங்கின குரலில்.

மல்சுன் நிமிர்ந்து பார்த்தாள். கதையை விடாமல் சொன்னாள். பேன்ட், பெண் பார்த்த வீடு, ஓடிப்போன கோழி என்று அது வெகுதூரம் போயிற்று. மூலையில் கியூசொப் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். அவனுக்கே தெரியாத கதை.

"இன்னைக்குத்தான் பிள்ளே நீ மனுசி மாதிரி உக்காந்து பேசுத," என்றாள் மல்சுன் கடைசியில். "வந்த நாளா எதச் சொன்னாலும் கோர்ட்டுல நிக்கவ மாதிரி ஏதாவது ஒண்ணத் தூக்கிட்டு வந்து காட்டுத. இந்த வீடு உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன். பிடிக்காத பிள்ளைய மெஷினுல கட்டிப் போடவான்னுதான் சாப்பாட்டுல வாயத் தொறக்கல."

"நீங்கள் 'மன்னா' என்று கேட்டீர்கள், அம்மா. அதனால்தான் காட்டினேன்."

"நான் எப்ப கேட்டேன்?"

"எப்போதும் கேட்கிறீர்கள். டிவியிடம்கூடக் கேட்டீர்கள்."

"நானா?" மல்சுன் மகனைப் பார்த்தாள். "ஏலே, நான் அப்பிடியா சொல்லுதேன்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா," என்றான் கியூசொப். "நானும் அப்படிக் கேட்டேன்னு மதியம் மேரிம் சொன்னா."

"மன்னா," என்றாள் மல்சுன்.

மேரிம் சிரித்துவிட்டாள். அந்த வீட்டுக்கு வந்தபின் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அம்மாவும் மகனும் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியது. மல்சுன் ஒரு பூண்டுப் பல்லை எடுத்தாள். தோலில் நகத்தை வைத்தாள். உரிக்கவில்லை. கை அப்படியே நின்றது. கண் மேரிமின் முகத்தில் இருந்தது.

"நான் இல்லாதப்ப மில்லத் தனியாப் பாத்துக்கிடுவியா?"

"பார்த்துக்கொள்வேன், அம்மா."

"வேற யாரும் வேண்டாமா?"

"வேண்டாம்."

"சரி. ஒன் கைலயே இருக்கட்டும்." கை மறுபடி ஓடியது. பூண்டுத் தோல் தட்டில் விழுந்தது.

கியூசொப் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, பான்கு மாமாகிட்ட மில்லப் பத்திப் பேசிட்டேன். அவரு இருந்த வீட்டையே காலி பண்ணிட்டாராம். நாளைக்குக் காலைல பெட்டியோட வாராரு."

மல்சுனின் கை நின்றது.

"மன்னா?"

மல்சுன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலுக்கு நடுவில் பாதி உரித்த பூண்டு. அவள் காத்திருக்கிறாள் என்பது மேரிமுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"ஆமாம்மா," என்றான் கியூசொப், தரையைப் பார்த்து. "முத பஸ்ல."

மேரிம் தான் உரித்த பூண்டை மாமியாரின் தட்டில் போட்டாள். நாளை பஸ்ஸிலிருந்து இறங்குகிற மனிதனிடம் யார் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒரு மாதமாகப் போட்ட கணக்குக்கு இப்போது முழு விடை வந்துவிட்டது. வார்த்தை ஒன்றுதான், வேலை இரண்டு. மல்சுன் 'மன்னா' என்னும்போது கை ஓடிக்கொண்டிருந்தால் அவள் ம் கொட்டுகிறாள், மேலே சொல்ல வேண்டும். கை நின்றுவிட்டால் கேட்கிறாள், பதில் சொல்ல வேண்டும்.